லா சப்பலுக்கு ஆறாவது ஆளாக

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு பாரிஸ் வடக்கு நிலையத்தில் இறங்கினேன். லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக இரண்டே கால் மணி நேரம். போக வர நூற்றுப் பதினெட்டுப் பவுண். நிலையத்தை விட்டு வெளியே வந்து வடக்கே ஐந்து நிமிடம் நடந்தால் லா சப்பல், நம்மவர்களின் கடைத்தெரு. மரக்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டும், நகைக்கடைக் கண்ணாடியில் தாலிக்கொடியும், தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெட்ரோ ஓடும் சத்தமும். பாரிசுக்கு வருகிறவர்கள் கோபுரம் பார்க்க வருவார்கள். நான் கரப்பந்தாட்டம், அதுதான் வொலிபோல், விளையாட வந்தேன்.

தேநீர்க்கடை வாசலில் ரூபன் நின்றான். கட்டிப்பிடிக்கவில்லை. என் பையைத்தான் பார்த்தான்.

"சப்பாத்துக் கொண்டந்தனியே?"

"ஓம்."

"அப்ப சரி. மற்றதெல்லாம் இஞ்சை இருக்கு."

ரூபனும் நானும் வன்னியில் நாவலடிக்குளத்தில் ஒரே வகுப்பு. பத்தாம் வகுப்போடு அவன் வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். நான் படித்துக்கொண்டே போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். படிப்பு என்னை அமெரிக்காவில் ஒகாயோவுக்கும், வேலை இங்கிலாந்தில் லெஸ்டருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ரூபன் இங்கே ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அடுப்படியில் நிற்கிறான். ஒன்றரை யூரோ ரோலைக் கடித்தபடி, நான் ஏன் அவசரமாகத் தேவைப்பட்டேன் என்று விளக்கினான்.

பாரிசில் கோடைக்கால ஞாயிறுகளில் நம்மவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து விளையாடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய ஊர்களுக்கு இரண்டு அணி, வெளியே உட்கார்ந்திருக்க இன்னும் நாலு பேர். நாவலடிக்குளத்துக்கு இங்கே ஐந்தே பேர். ஆறாவது ஆளை எப்போதும் வேறு ஊரிடம் கேட்டு வாங்கவேண்டும். அப்படி வாங்கினால் ஊர்ப் பெயரில் ஆட முடியாது. ஆறு பேரும் ஒரே ஊராக இருந்தால்தான் ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் 'நண்பர்கள் அணி'.

"எத்தினை வருசமா நண்பர்களாவே இருக்கிறம் மச்சான்," என்றான் ரூபன். "ஒருக்கா ஊராயிருக்க வேணும்."

நான் விளையாடுவேனா, எப்படி விளையாடுவேன் என்று அவன் கேட்கவே இல்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

ஒகாயோவில் விளையாட ஆசைப்பட்டபோது கைபேசியில் பெயரைப் பதிந்து எழுபது டொலர் கட்டினேன். அணியில்லாதவர்களை எல்லாம் அவர்களே சேர்த்து ஓர் அணியாக்கி, ஒரே நிறத்தில் சட்டையும் சிரிப்பான ஒரு பெயரும் தந்தார்கள். ஆண்களும் பெண்களும் கலந்து ஆடினோம். பந்தைத் தவறவிட்டாலும் உள்ளங்கையைத் தட்டிப் பாராட்டினார்கள். எட்டு வாரம் அவர்களைப்போல் நல்ல மனிதர்கள் இல்லை. கடைசி நாள் பிட்சா சாப்பிட்டுக் கட்டியணைத்துப் பிரிந்தோம். அடுத்த பருவத்துக்கு வேறு நிறம், வேறு ஆட்கள். பழைய அணியில் ஒருத்தியைக் கடையில் கண்டேன். அவளுக்கு என் முகம் நினைவிருந்தது, பெயர் வரவில்லை.

இங்கிலாந்தில் நேர்மாறு. லெஸ்டருக்கு வெளியே ஒரு கிரிக்கெட் கழகத்தில் சேர்ந்தேன். என் அப்பாவின் வயதுக்கு மேற்பட்டவர்களும் ஆடும் மூன்றாம் அணி. முதல் மாதம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். பிறகு ஆடுகளத்தைச் சமப்படுத்தும் உருளையைத் தள்ளச் சொன்னார்கள். அடுத்த வருடம் சாமான் அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பைத் தந்தார்கள். அங்கே ஆட்டம் பாதி, இடைவேளைத் தேநீர் பாதி. மெதுவாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் சேர்த்துக்கொண்டால் கைவிடுவதில்லை. இரண்டிலும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டிலுமே நான் வெளியிலிருந்து போய்ச் சேர்ந்தவன்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. வடக்கு நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினோம். இரண்டரை யூரோ, லெ பிளாங்-மெனில் வரை பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நிலையத்திலிருந்து விளையாட்டுத் திடலுக்குப் பேருந்து. புல்வெளியில் நாலு வலைகள், ஓரத்தில் கொத்துரொட்டிப் புகை, பிரெஞ்சில் சண்டை பிடிக்கும் சிறுவர்கள். தேவண்ணைதான் எங்கள் தலைவர். நாற்பத்தைந்து வயது, பொதி வான் ஓட்டுகிறார். அவருடைய பெறாமகன், தமையனின் பிள்ளை டிலான் இங்கேயே பிறந்தவன், ஊரைக் கண்டதே இல்லை. தகப்பன் ஊர் என்பதால் கணக்கில் உண்டு. மற்ற இரண்டு பேர் செவ்ரான் புறநகரில் ஓர் அறையில் இருக்கும் அண்ணன் தம்பி.

தேவண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "பின்னுக்கு இடப்பக்கம் உன்ர இடம். நிண்டுகொள்."

பதினொரு மணியளவில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்: "அடுத்து, நாவலடிக்குளம்."

தேவண்ணை எழும்பவில்லை. சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதுதான் எழுந்தார்.

"ரெண்டாந்தரம் கேப்பம் எண்டு இருந்தனான்," என்றார்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பந்தை முதலில் போடும் முறை எதிர்ப்பக்கத்திலிருந்து எங்களுக்கு மாறியதும், அமெரிக்காவில் பழகியபடி கால்கள் தாமாகவே அடுத்த இடத்துக்கு நகர்ந்தன. அங்கே ஒவ்வொருமுறையும் ஆறு பேரும் வட்டமாக இடம் மாறுவோம். இவர்கள் ஆடும் முறையில் யாரும் மாறுவதில்லை. அவரவர் இடம் அவரவருக்கே. முன்னுக்கு நின்ற ரூபனின் முதுகில் போய் மோதினேன். அதற்குள் எங்கள் பக்கம் போட்ட பந்து திரும்பி வந்து நான் விட்டுவந்த இடத்தில் விழுந்தது.

"சொறி," என்றேன்.

"எங்கையடா போறாய்?" என்றான் ரூபன்.

"சொறி."

வலைக்கு அப்பால் சிரித்தார்கள். "நாவலடிக்குளத்தார் சந்தைக்குப் போயினம்," என்றான் ஒருவன்.

தேவண்ணை என் தோளைப் பிடித்துப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "சொறி சொல்லுறதை விட்டிட்டுப் பந்தைப் பார். இது உன்ர இடம். ஆரும் வந்து எடுக்கமாட்டினம், நீயும் விட்டிட்டுப் போகாதை."

அதற்குப் பிறகு நான் நகரவில்லை. இரண்டாவது செற்றில் நாலு பந்தைத் தொடர்ந்து எடுத்தேன். டிலான் பிரெஞ்சில் என்னவோ கத்தி என் தலையைத் தட்டினான். ஆனாலும் இரண்டு செற்றிலும் தோற்றோம். அந்த அணிக்கு வெளியே இருந்து மாற நாலு பேர் இருந்தார்கள். எங்களுக்கு மூச்சு மட்டும்தான் இருந்தது.

புல்லில் விழுந்து கிடந்தபோது குமரன் என்று ஒருவர் வந்தார். மாதாமாதம் தன் ஊரிலிருந்து எங்களுக்கு ஆள் தருகிறவர் அவர்தான்.

"தேவண்ணை, எங்கட பெடியனுக்குக் கால் சுளுக்கிப்போட்டுது. மிச்ச ஆக்களும் இண்டைக்கு வேலைக்குப் போட்டினம். உங்கட லெஸ்டர்த் தம்பியை ஒரு ஆட்டத்துக்குத் தாங்கோ. நல்லா எடுக்கிறார்."

எனக்கு எழும்ப ஆசை. ஒகாயோவில் இப்படி எத்தனையோ அணிக்கு இடையில் போய் ஆடியிருக்கிறேன். லெஸ்டரிலும் மேல் அணிக்கு ஆள் குறைந்தால் என்னை அனுப்புவார்கள். அது மரியாதை.

"அவனைக் குடுக்கேலாது," என்றார் தேவண்ணை.

"போன மாதமும் நான் தந்தனான் எல்லே?"

"தந்தனீர். அதுக்கு முந்தியும் தந்தனீர். அடுத்த ஞாயிறு ரூபனைக் கொண்டுபோம், டிலானைக் கொண்டுபோம், என்னையும் கொண்டுபோம். இண்டைக்கு மட்டும் ஆரையும் கேளாதையும்."

"தோத்துப்போய்ச் சும்மாதானே இருக்கிறியள்?"

"ஓம். ஆறு பேரும் இருக்கிறம்."

குமரன் எங்களைப் பார்த்தார். மனதுக்குள் ஆறு தலைகளையும் எண்ணியிருக்கவேண்டும். பிறகு அடுத்த வலைக்குப் போனார். அவருடைய அணி ஆளில்லாமல் அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. அது நியாயமில்லை என்று எங்களுக்கும் தெரியும். செவ்ரான் சகோதரர்களில் தம்பி எழுந்துபோய் அவருக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.

நாலு மணிவரை அங்கேயே இருந்தோம். எந்த விளையாட்டிலும் வெளியே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு எழும்ப மனமில்லை.

ஆறு மணிக்கு வடக்கு நிலையத்தில் என்னை வழியனுப்ப ரூபன் மட்டும் வந்தான். மற்றவர்களுக்கு இரவு வேலை. அடுத்த ஞாயிறு அவர்கள் திரும்பவும் நண்பர்கள் அணி.

"உன்ர கிரிக்கெட் எப்ப முடியும்?"

"செப்டெம்பரில."

"பிறகு ஞாயிறுகளில சும்மாதானே?"

"அப்ப இஞ்சையும் ஆட்டம் முடிஞ்சிடும் எல்லே, மாரியில ஆர் விளையாடுவினம்?"

"ஆர் விளையாடச் சொன்னது?" என்றான் ரூபன். "சும்மா வா. ஆறு பேராய் இருப்பம்."