கையைக் கட்டி நின்ற கிடார்க்காரி

பங்குனிச் செவ்வாய், காலை பத்தரைக்கு மாட்டுத்தாவணியில் கோவில்பட்டி பஸ் ஏறினேன். சாத்தூரில் இறங்க வேண்டும். எழுபது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஊர். அதன் பெயரை எழுதப் போவதில்லை. செல்வி இனியும் அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

செல்வியும் நானும் மதுரையில் ஒரே கிடார் வகுப்பு. நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஐம்பது தாண்டி ஆசைப்பட்டு வந்தவள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறாள். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து, ஒரு மணி நேரம் படித்துவிட்டுத் திரும்புகிறாள். அன்று அம்மன் கோயில் பொங்கலுக்கு அவள் ஊரில் இன்னிசைக் கச்சேரி. அவளுக்கு அதுதான் முதல் மேடை.

விருதுநகரில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அந்த வெயிலிலும் பரோட்டா பொரித்துக்கொண்டிருந்தார்கள். சாத்தூரில் டவுன் பஸ் மாறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஊர் தாண்டியதும் காய்ந்த கரிசல், சீமைக்கருவேலம், நடுநடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ஆலை ஒற்றை அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பட்டும் என்பதற்காக அந்த இடைவெளி. அப்படி ஓர் அறையில்தான் செல்வி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்றரை மணிக்கு இறங்கினேன். மொபெட்டோடு நின்றிருந்தாள். "வாங்கக்கா, சாப்பிட்டீகளா?" என்றவள் பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டாள். வழியில் மூன்று இடத்தில் பிளக்ஸ். மூன்றிலும் கிடாரோடு அவள் படம், பாடகர்களைவிடப் பெரிதாக. 'நம் ஊர்ப் பெண் கிடார் கலைஞர்' என்று கீழே போட்டிருந்தது.

கச்சேரி எந்தப் பாட்டில் தொடங்குகிறது என்று கேட்டேன். வேன் பாட்டு என்றாள். கம்பெனி வேனில் காலையில் ஓட்டுநர் போடும் பாட்டுகளில் ஒன்று. பாடகர் வாய் திறக்கும் முன்னால் கொஞ்ச நேரம் கிடார் மட்டும் தனியாக வரும். ஓட்டுநருக்கு அது பிடிக்காது, தள்ளிவிடுவார். தள்ளாதீர்கள் என்று இவள் கேட்க, வேனே சிரித்திருக்கிறது. அது என்ன வாத்தியம் என்றுகூட அப்போது அவளுக்குத் தெரியாது.

"ஆலை கேட்டுல போனை வாங்கி வச்சுருவாகள்ல. அதுக்கப்பறம் சாயங்காலம் வரைக்கும் பாட்டே கெடையாது. ஆனா சரம் பின்னும்போது அந்தச் சத்தம் விரலுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்க்கா. அதை நம்மளே வாசிச்சா என்னன்னு தோணுச்சு."

தீபாவளி சீசன் முடிந்து ஆலை மூடியிருந்த நாட்களில் மதுரைக்கு வந்து பழைய கிடார் ஒன்று வாங்கினாள். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஐந்து மணிக்கு மேடைக்குப் போனோம். ஒலிபெருக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி கிடாரை மாட்டிக்கொண்டு, அதை ஒலிபெருக்கியோடு இணைக்கும் வயரைக் கேட்டாள். இசைக்குழுவை நடத்துபவர் வெள்ளைச் சட்டைக்காரர், சிரித்த முகம். வயர் வேண்டாம் என்றார்.

"நீ கையை மட்டும் அசைச்சாப் போதும்மா. சத்தம் கீபோர்டுல வந்துரும்."

"பெறகு எதுக்குண்ணே என்னையக் கூப்பிட்டீக?"

அவர் பிளக்ஸைக் காட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவள் வாசித்து நீங்கள் ஒரு தடவையாவது கேட்டதுண்டா என்று சண்டைக்குப் போனேன். "கேட்டு என்னம்மா செய்ய? சனம் பார்க்கத்தான வருது. தப்பு கிப்பு வந்துட்டா அடுத்த ஆர்டர் எனக்குல்ல கைவிட்டுப் போகும்" என்றார், குரலை உயர்த்தாமலே. செல்வி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. முன்வரிசையில் அவளோடு வேனில் போகும் பெண்கள் அத்தனை பேரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு அவள்மேல் விழுந்தது. கீபோர்டிலிருந்து கிடார்ச் சத்தம் புறப்பட்டது. செல்வி கம்பியைத் தொடவில்லை. இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருத்தி எழுந்தாள். "ஏ செல்வி, நீ கையைக் கட்டிக்கிட்டு நிக்க. அப்ப வாசிக்கது யாரு?"

சிரிப்பு எழுந்தது. கீபோர்டுக்காரர் தடுமாறி நிறுத்திவிட்டார். விழாக் கமிட்டிப் பெரியவர் மேடையோரம் வந்து என்ன விஷயம் என்றார். செல்வி மைக் பக்கம் நகர்ந்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியும். வயரு மாட்டலை."

கமிட்டிக்காரர் திரும்பிப் பார்த்த பார்வையில் வயர் வந்தது.

வாசித்தாள். தாளம் இம்மி பிந்தியது. ஓர் இடத்தில் கம்பி இரைந்தது. ஆனால் அது அவள் வாசித்த சத்தம். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாடகர் பாடத் தொடங்கியதும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒலிப் பெட்டிக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். அவர் ஒரு குமிழைக் கீழே இழுத்தார், கிடார்ச் சத்தம் மங்கி மறைந்தது. பக்கத்தில் நின்ற நான் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு வரி தாண்டுமுன் செல்விக்கும் தெரிந்துவிட்டது. பாட்டு முடியும்வரை வாசித்தாள். பிறகு வயரைத் தானே கழற்றி, அழகாகச் சுருட்டி, ஸ்பீக்கர்மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

அன்றிரவு செல்வி வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் விடிந்ததும் வெள்ளைச் சட்டைக்காரரிடமிருந்து அவளுக்குப் போன். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் குரலில் மகிழ்ச்சி. "நீ கையைக் கட்டி நின்னது நல்லா எடுபட்டுச்சும்மா. அடுத்த வாரம் இருக்கன்குடிப் பக்கம் ஒண்ணு இருக்கு. அங்கனயும் அப்படியே செஞ்சுரு."

"மொதப் பாட்டுலருந்து கடைசி வரைக்கும் வயரு மாட்டணும். அப்படின்னா வாரேன்" என்றாள். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அவள் வேலைக்குப் போனாள். நான் பஸ் ஏறினேன்.

விருதுநகர் தாண்டியும் மனம் ஆறவில்லை. எங்கள் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகள் மேடையில் தப்பும் தவறுமாக வாசிக்கும். பெற்றோர் போனை உயர்த்திப் படம் பிடிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவோம். தப்பு வராது என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் உத்தரவாதம் கேட்டதில்லை. செல்வியின் விரல்களை நம்பித் தினமும் வெடியைக் கொடுக்கிறார்கள். அங்கே தப்பு வந்தால் உயிர் போகும். அங்கே யாரும் கவலைப்பட்டு அவள் கையிலிருந்து சரத்தைப் பிடுங்கவில்லை. ஆறு கம்பிக்கு மட்டும் அந்த விரல்கள்மேல் நம்பிக்கை இல்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து செல்வி கூப்பிட்டாள். இருக்கன்குடிக் கச்சேரிக்கு வெள்ளைச் சட்டைக்காரர் வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டாராம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பிள்ளை. கிடாரைத் தொட்டதுகூட இல்லையாம்.

நான் வாயில் வந்தபடி அவரைத் திட்டினேன். நான் முடித்ததும் செல்வி பேசினாள்.

"அந்தப் பிள்ளை நம்பரை வாங்கிப் பேசிட்டேன்க்கா. ஞாயித்துக்கெழம எங்கூட வகுப்புக்கு வருது. நம்ம கிடார் சார்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க."