சும்மா நேரம்

“சும்மா குந்திக்கினு கீறதுக்கு இஸ்கூலு எதுக்கு?” என்று நைனா கேட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. நேற்று குழம்புக்காகப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் வழவழவென்று கொட்டைகள் சேரச்சேர, அந்தக் கேள்வி மறுபடி காதில் விழுந்தது.

உத்திரமேரூர்ப் பக்கம் ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் தொடக்கப் பள்ளி. டீச்சர் மேசையில் ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில் இருக்கும். எவ்வளவு கழுவியும் எலுமிச்சை வாசனை போகாத பாட்டில். கொடுத்த வேலையை வகுப்பு மொத்தமும் முடித்தால் ஒரு புளியங்கொட்டை உள்ளே விழும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை நிறையும். நிறைந்தால் அன்றைய கடைசிப் பிரிவேளை எங்களுடையது. படம் வரையலாம், கல்லாங்காய் ஆடலாம். டீச்சர் எதுவும் கேட்கமாட்டார். அந்தக் கொட்டைக்காக நாங்கள் பட்ட பாடு! ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கும் செல்வியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கரையேற்றுவோம்.

அந்த நேரத்துக்கு நாங்கள் வைத்த பெயரால்தான் வம்பு வந்தது. சும்மா நேரம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அங்கே என்ன நடக்கிறது என்பது நான் சொன்னால்தான் வீட்டுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, இன்றைக்குச் சும்மா இருந்தோம் என்று குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு நைனா கேட்டதுதான் முதல் வரி. இனி மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுக்கப் போகட்டும் என்று முடிவாயிற்று. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று அம்மா மன்றாடி, ஒரு வாரம் வாங்கிக்கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, முழங்கால் சேற்றோடு நைனா வகுப்பு வாசலில் வந்து நின்றார். பாட்டில் நிறைந்திருந்த நேரம். ஒருத்தி பல்லி வரைந்துகொண்டிருந்தாள். அவர் மகளோ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னா டீச்சர், தூங்கிக்கினு கீது?”

குரல் கேட்டு விழித்தேன். டீச்சர் பாட்டிலைக் காட்டினார். “வாரம் பூரா வேலைய முடிச்சாங்கண்ணே. இது அவங்க சம்பாதிச்ச நேரம். தூங்கினாலும் அவ இஷ்டம்.”

நைனா பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். “அப்ப இது கண்ட்ராட்டுனு சொல்லு.”

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்குத் தூக்கக் கலக்கத்திலும் புரிந்தது. கண்ட்ராட்டு என்றால், ஒரு வயலுக்கு மொத்தமாகக் கூலி பேசிப் பத்துப் பேர் நடவுக்கு இறங்கினால், மூன்று மணிக்கே முடித்துக் கரையேறினாலும் கேட்க ஆளில்லை. மிச்சப் பொழுது அவர்களுடையது. அப்படி ஒரு நாளில்தான் நைனா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார்.

களைப் பேச்சு அதோடு நின்றது. “கண்ட்ராட்டு முடிச்சியா?” என்பது வெள்ளிக்கிழமைக் கேள்வியானது. ஆசிரியர் பயிற்சியின் கடைசித் தேர்வன்றும் அதையேதான் கேட்டார். டீச்சர் என்னைத் தூங்கவிட்டார், நைனா புரிந்துகொண்டார். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் அந்தக் கொல்லையில்தான் நின்றிருப்பேன்.

ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. நாங்கள் கொட்டை பொறுக்கிய புளியமரம் சாலைக்குப் போயிற்று. நடவுக்கு மிஷின் வந்தபின், மூன்று மணிக்குச் சிரித்துக்கொண்டு கரையேறும் பத்துப் பேரும் இல்லை.

நேற்று எடுத்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, இன்று நான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளைக்கு ‘கண்ட்ராட்டு’ என்று எழுதி ஒட்டியாயிற்று. சாயங்காலம் மணி அடித்ததும், வீட்டில் இந்தப் பெயரைத்தான் சொல்லவேண்டும், ‘சும்மா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினேன்.