கொழுப்பை வெட்டும் நொதியும் நானும்

நொதித் தடுப்பான் தேடும் தொழிலில் ஒரு நாள் நன்றாகப் போயிற்று என்றால், அன்று சோதனைத் தட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

நம் ஒவ்வொரு உயிரணுவுக்கும் கொழுப்பால் ஆன மெல்லிய உறை உண்டு. அந்தக் கொழுப்பை வெட்ட ஒரு நொதி இருக்கிறது. அது அளவு மீறி வெட்டினால் உடம்பில் வீக்கம், வலி. அதன் கையைப் பிடித்து நிறுத்தும் ரசாயனம் ஒன்றாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் ஒரு கம்பெனி எங்களிடம் நாற்பது ரசாயனங்களை ஒப்படைத்திருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மாடியில் எங்கள் லேப். லேப் என்றால் அதை நடத்தும் சாரும் நானும், காலையில் வந்து கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் மல்லிகா அக்காவும். மாசக் கடைசிக்குள் ஒன்றாவது வேலை செய்யாவிட்டால் என் கான்ட்ராக்ட் அதோடு சரி.

குழிப்பணியாரச் சட்டியைச் சிறிதாக்கியது போன்ற ஒரு தட்டில்தான் சோதனை. நொதி வெட்டினால் குழி மஞ்சளாகும், தடுக்கப்பட்டால் நிறமில்லாமல் கிடக்கும். ஊருக்கெல்லாம் மங்கலமான மஞ்சள் எங்களுக்குத் துக்கச் செய்தி. சகபாவிகளே, நான்கு மாதம் நான் கண்டதெல்லாம் மஞ்சள்தான்.

வீடு பார்த்த கதை

வேலையில் சேர்ந்த புதிதில் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் அந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது நான்கு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். "இன்னாம்மா வேலை?" என்றார். சுருக்கமாகக் "கொழுப்பு ஆராய்ச்சி" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். என் கெட்ட நேரம், முழுசாக விளக்கினேன். கொழுப்பை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது, அதை வெட்ட விடாமல் தடுப்பதுதான் என் வேலை என்றேன்.

அவர் உள்ளே டிவி முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு மகன்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கொழுப்பக் கொறைக்கிற வேலைன்னா அட்வான்ஸே வாணாம்னு சொல்லியிருப்பேன். கொறையாம பாத்துக்கிற ஆளுக்கு இந்த வூட்ல இன்னாம்மா வேலை கீது?"

கீழ்க்கடைப் பார்சல்

கடைசிப் பத்து ரசாயனங்கள் உலர்பனிக்கட்டி வைத்த பெட்டியில் வந்தன. தடுப்பானுக்கு இங்கிலீஷில் இன்ஹிபிட்டர் என்று பெயர். கூரியர்காரர் போன் செய்தபோது நான் பேருந்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். "இன்ஹிபிட்டர் பார்சல்தானே? மேல குடுத்துடுங்க" என்று கத்தினேன். அவர் காதில் விழுந்தது "இனிப்பு" மட்டும். நேராகக் கீழ்க்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் ஓடி வந்தபோது கடை மாஸ்டர் கல்லாவுக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றிருந்தார். பெட்டியைத் திறந்தாராம், வெள்ளைப் புகை எழும்பியதாம். பயத்திலும் புத்தியாகப் பெட்டியைத் தன் ஃப்ரீசரில் வைத்திருந்தார். அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. அவர் கவலை வேறு: "ரசமலாய் பக்கத்துல வெச்சுட்டேன் மேடம். இப்ப அத விக்கலாமா, இல்ல நீங்களே மேல எடுத்துட்டுப் போறீங்களா?"

தடைகள் விலகின

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலையூரில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போவேன். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். என் கான்ட்ராக்ட் கதையைச் சொன்னதும் உருகிப்போனார். "இந்த மகளுடைய வேலையில் உள்ள சகல தடைகளும் நீங்கிப்போகட்டும் ஆண்டவரே" என்று கண்ணீரோடு ஜெபித்தார். பதினெட்டு பேர் ஆமென் சொன்னோம்.

ஜெபம் அப்படியே கேட்கப்பட்டது. அதுவரை லேசாகத் தடுப்பதுபோல் பாவனை காட்டிய ஒரே ரசாயனமும் அடுத்த வாரம் பளீரென்று மஞ்சளாகிவிட்டது. டீச்சரிடம் போய், "எனக்குத் தடைதான் டீச்சர் வேணும்" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை வருஷத்துல தடை வேணும்னு யாரும் விண்ணப்பம் குடுத்ததில்லம்மா. எந்தப் பக்கம் தடைன்னு ஒரு பேப்பர்ல தெளிவா எழுதிக் குடு."

வெறும் தட்டு

மாசக் கடைசிக்கு நான்கு நாள் முன்னால், நாற்பதையும் ஒரே தட்டில் மறுபடி போட்டேன். ஒரு குழியும் மஞ்சளாகவில்லை. சார் என்னை ஒரு வார்த்தையும் பேச விடவில்லை. கம்பெனிக்கு மெயில் அனுப்பினார், கீழ்க்கடைக்கு ஒரு கிலோ மைசூர்பாகு சொன்னார்.

மைசூர்பாகு வாயில் கரையும்போதுதான் ஓரத்துக் குழியைப் பார்த்தேன். அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எந்த ரசாயனமும் போடாமல் விட்ட குழி. அது கட்டாயம் மஞ்சளாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பேசாமல் விட்டால் வேலை நிலைக்கும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொல்லிவிட்டேன். சார் கையிலிருந்த துண்டை டப்பாவில் திரும்ப வைத்தார். "அப்ப நம்ம நொதி ஒண்ணுமே இல்லாததுக்கே பயந்துடுச்சா?"

நுரை

கொழுப்புக் கரைசல் கலக்கும் பீக்கரை முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை. கொழுப்புச் சோதனைக்குச் சோப்பு ஒரு துளி போதும், நொதியை வெட்டவே விடாமல் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கிவிடும். அதற்காகவே நுரை வராத தனித் தூள் வாங்கி வைத்திருந்தோம். அது ஏன் என்று மல்லிகா அக்காவுக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. தப்பு என்னுடையது என்றே சாரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்த அக்காவிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்: "உன் தூள்ல நொரையே வர்லம்மா. பாவம், நாலு மாசமா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறியேன்னு வூட்லேர்ந்து நல்ல லிக்விட் எட்தாந்து கழுவுனேன். மஞ்சக் கறை கூட இல்லாம பளபளன்னு கீதா, இல்லியா?"

கடைசி நாள்

ஒழுங்காகக் கழுவி மறுபடி போட்டேன். நாற்பதும் மஞ்சள், ஓரத்துக் குழியும் மஞ்சள். கம்பெனிக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டு, மேஜையிலிருந்த என் டம்ளரையும் அதன் அடியில் கிடந்த செருப்பையும் பையில் போட்டுக்கொண்டேன். வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. அப்போதுதான் சார் கம்பெனியின் பதிலோடு வந்தார். கழுவியதிலேயே சந்தேகம் என்றால் பழைய முடிவுகள் எதையும் நம்ப முடியாதாம், நாற்பதையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமாம், ஆறு மாதம் நீட்டிப்பாம்.

"பைய கீழ வைங்க" என்றார். "ஒண்ணாவது வேலை செஞ்சிருந்தா அத அவங்க பெரிய லேபுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்போம்."

ஆக, மருந்தைக் கண்டுபிடித்திருந்தால் போயிருக்க வேண்டிய வேலை, கண்டுபிடிக்காத ஒரே தகுதியால் எனக்கு நிலைத்திருக்கிறது.