பெட்ரோல் ஏறாத கறுப்புக் கார்

அப்பா சென்னையில் இன்ஜினியராக இருக்கிறார் என்று ஐந்தாம் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் அவர் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே, சரிவில் தகரக் கூரை போட்ட சின்ன ஒர்க் ஷாப்பில் கார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினைப் பழுது பார்ப்பவரை இன்ஜினியர் என்று சொல்வதில் பெரிய பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். சென்னைதான் கொஞ்சம் உதைத்தது.

அந்த வருடம் வகுப்புத் தோழி ஒருத்தி பிறந்தநாளுக்கு அழைத்திருந்தாள். ஏரிக்கு மேலே பெரிய பங்களா. கூட வந்த அம்மாவைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். அங்கே ஷெட்டில் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய கார் நின்றது. தோழியின் தாத்தா ஓட்டியது. அவர் போன பிறகு எட்டு வருடமாக யாரும் தொடவில்லையாம். அன்று அதைக் கிளப்பிக் குழந்தைகளையெல்லாம் ஏரியைச் சுற்றிக் கூட்டிப்போக வேண்டும் என்று தோழியின் அப்பாவுக்கு ஆசை. மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டிருந்தார். கேக் வெட்டி முடிந்து வெளியே வந்தபோது, சாக்குப்பையில் சாமான்களோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தது என் அப்பா.

நான் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

புது பேட்டரி மாட்டி, டேங்கில் புதுப் பெட்ரோல் விட்டு, பிளக்கைத் துடைத்துப் போட்டும் இன்ஜின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினார். இரண்டு உறுமல் உறுமி அணைந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினார். டேங்குக்குள் களகளவென்று சத்தம் கேட்டது.

"லைன்ல அடைப்பு இல்ல சார். பம்பு இழுக்க மாட்டேங்குது. எட்டு வருசமா சும்மா கெடந்துச்சில்ல, உள்ள ரப்பர் காஞ்சிருக்கும். எதுக்கும் பம்ப விட்டுட்டு, பாட்டில்லருந்து நேரா பெட்ரோல் விட்டுப் பாத்துருவோம். ஒரு ஆளு பாட்டிலத் தூக்கிப் புடிங்க."

அது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒர்க் ஷாப்பில் நான்தான் பாட்டில் பிடிப்பேன். அதிலிருந்து இறங்கும் டியூபை விரலால் நெரித்துக்கொண்டு, அப்பா "விடு புள்ள" என்றதும் தளர்த்த வேண்டும். அவர் தலையைத் தூக்கி எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. நான் என் ஷூவைப் பார்த்தேன்.

"நான் பிடிக்கிறேன் அங்கிள்" என்று தோழி ஓடினாள். டியூபை நெரிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். அவளும் தலையாட்டினாள். ஆனால் அவர் குனிந்து டியூபின் மறுமுனையைக் கார்புரேட்டரில் சொருகும்போது அவள் விரல் நழுவியது. பெட்ரோல் அவர் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

அப்பா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"அறிவிருக்கா? சின்னப் பிள்ளை கையில போய் பெட்ரோலைக் கொடுப்பியா?" என்றார் தோழியின் அப்பா.

"தப்புதாங்க சார். தண்ணி, கொஞ்சம் தண்ணி."

தண்ணீர்க் குழாய் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன் கீழே பிளாஸ்டிக் வாளியும் மக்கும் இருந்தன. என் கால் நகரவில்லை. வாட்ச்மேன்தான் வீட்டின் பின்பக்கமிருந்து ஓடிவந்து மொண்டு ஊற்றினார்.

ஒரு கண் திறக்காத நிலையிலேயே அப்பா பம்பைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் தாள் அப்பளம்போல் நொறுங்கிப்போயிருந்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டி, பம்பின் கைப்பிடியை மெல்ல மெல்ல அமுக்கினார். கார் கிளம்பிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிள்ளைகள் முண்டியடித்து ஏறினோம். எனக்குக் கதவோர இடம். வெளியே நின்ற அப்பா, கரி படாமலிருக்கத் துணியால் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பாப்பா, கால உள்ள இழுத்துக்கங்க. கதவச் சாத்தணும்."

இழுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினார். ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் போய்விட்டிருந்தார்.

பொழுது சாய வீட்டுக்குப் போனேன். அம்மா அவர் கண்ணில் ஈரத்துணியை வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் இப்படி ஆனது என்று கேட்டாள்.

"மேல, ஒரு பங்களாவுல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, கேக்கு நல்லாருந்துச்சா?"

"ம்" என்றேன்.

பிறந்ததிலிருந்து என்னை 'வா, போ' என்றே பேசியவர், அன்று கார்க் கதவருகே மட்டும்தான் 'ங்க' போட்டுப் பேசினார். பெட்ரோல் பட்ட கண்ணுக்கு ஆள் தெரியவில்லை, தப்பித்தோம் என்று நினைத்து, கவுனை மாற்றிக்கொள்ளச் சந்தோஷமாக உள்ளே போனேன்.