முடிவு ஆகும்வரை ஓட்டிய கார்

அரசாங்கக் கச்சேரியில் கோப்பு நகர்த்திப் பென்ஷன் வாங்குகிறவன் நான். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் உறக்கம் வராது. என் பழைய காரைப் பழுது பார்ப்பதா, விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா என்பதையும் முறைப்படியே ஆராய்ந்தேன். மெக்கானிக்கிடம் விவரம் கேட்டேன். வியாபாரியிடம் விலை கேட்டேன். இருவர் சொன்னதற்கும் ஆட்சேபம் எழுப்பினேன். பிரேக் தளர்ந்திருப்பதாக மெக்கானிக் சொன்னபோது, விற்கப்போகிற வண்டிக்குச் செலவு எதற்கு என்று ஒத்திவைத்தேன். ஓட்டுவதை மட்டும் ஒத்திவைக்கவில்லை.

பேச்சிப்பாறை அணையைப் பார்த்துவிட்டு மனைவியோடு இறங்கி வந்தபோது, வளைவில் எதிரே ஒரு மாட்டுவண்டி. பிரேக்கை மிதித்தேன். கால் அடிப்பலகைவரை போயிற்று, கார் நிற்கவில்லை!

"நல்லா சவுட்டுங்கோ!" என்று அலறினாள் மனைவி.

"சவுட்டியாச்சு, நிக்கல்ல!"

கியரைக் குறைத்தேன், கைப் பிரேக்கை இழுத்தேன், ஸ்டியரிங்கை ஒடித்தேன். மாட்டுவண்டியை மயிரிழையில் தாண்டி, சாலையோரம் கயிறு திரிக்கக் குவித்திருந்த தேங்காய்த் தொண்டுக்குள், உரித்த மட்டைக் குவியலுக்குள், மூக்கைப் புதைத்து நின்றது கார். திறந்த ஜன்னல் வழியே பறந்து வந்து தலையெல்லாம் நார்த் தும்பு, ஆனால் உயிர் இருந்தது!

மாட்டுவண்டிக்காரர் ஓடி வந்தார். "ஓய், தொண்டு வேணும்னா கேட்டு வாங்கப்பிடாதா?"

மனைவி சேலையை உதறினாள். "ஆளு மிச்சமிருக்குல்லா? இனி ரிப்பேரா புதுசான்னு ஆற அமர யோசியுங்கோ."

யோசனை இன்னும் முடியவில்லை. பிரேக்கை மட்டும் மறுநாளே சரிசெய்துவிட்டேன். இப்போதெல்லாம் அதில் சிறு குறை தெரிந்தாலும் கார் கொட்டகையைவிட்டு நகராது. வாசகர்களும் என்னைப்போல் மாதக்கணக்கில் ஆலோசிக்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு ஆலோசியுங்கள்.