கறுப்புக்குள் இருந்த நீலம்

முயலில் நீலம் என்று ஒரு நிறம் உண்டு என்பது எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதற்குள் நகரியில் ஒரு சாயப் பட்டறையில் இருபத்தைந்து வருடம் நூல் நனைத்திருந்தேன். தொட்டியின் ஆவி மூச்சைக் கெடுத்துவிட்டது, இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி என்னை நூல் கிடங்குக்கு மாற்றினார். அங்கே வேலை மதியத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் வீட்டில் மனைவி ஓட்டும் விசைத்தறியின் சத்தத்தைக் கேட்டபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். "இப்படியே உக்காந்துக்கினு இருந்தா தறிக்கு எண்ணெ போடற மாதிரி உங்களுக்கும் போடணும்" என்று அவள்தான் ஒருநாள் சொன்னாள். அந்த வாரமே முயல் வாங்கக் கிளம்பினேன்.

சித்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒரு பெண் மாடியில் ஜாதி முயல் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். முப்பது வயதுதான் இருக்கும். மாடியில் கூண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு அட்டை தொங்கியது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறை முயல்களின் நிறமும் எடையும் அதில் எழுதியிருந்தது. பெடிகிரி அட்டை என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது. முயலுக்கு இத்தனை கணக்கா என்று சிரித்துக்கொண்டே ஒரு கறுப்பு ஆண் முயலின் அட்டையைப் படித்தேன். பாட்டி இருக்க வேண்டிய கட்டத்தில் 'நீலம்' என்று இருந்தது.

"இன்னாம்மா, மொயலு நீலமா இருக்குமா?"

"நீலம்னுதாண்ணா பேரு" என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். "மழைக்கு முந்தி மேகம் இருக்குதே, அந்தக் கலரு."

நான் போனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த நிறத்தை நூலில் கொண்டுவர எத்தனையோ முறை முயன்றிருக்கிறோம். ஒன்று சாம்பல் அடித்துவிடும், இல்லாவிட்டால் ஊதா ஏறிவிடும். இங்கே அது ஒரு பிராணியின் முதுகில் மயிராக முளைத்திருந்தது. விலைக்கு உண்டா என்று கேட்டேன். இப்போது ஒன்றும் இல்லை என்றார்.

"இந்தக் கறுப்போட உள்ள அது இருக்கலாம். இல்லாமலும் போவலாம். சொல்ல முடியாதுண்ணா."

அந்தக் கறுப்புக் கிடாவையே வாங்கினேன். கூடவே ஒரு வெள்ளைப் பெட்டையும். கறுப்பில் வெள்ளை கலந்தால் சாம்பல் வரும், சாம்பல் வந்தால் நீலத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்பது என் கணக்கு. சாயக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்? வெள்ளையின் அட்டையை மடித்துப் பர்ஸில் வைத்ததோடு சரி, திறந்துகூடப் பார்க்கவில்லை.

சித்திரையில் வாங்கி வந்தேன். எங்கள் ஊர் வெயிலில் தகரக் கூரை போட்ட கொட்டகை அடுப்பாகிவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு மாதிரி சமாளித்தேன். இரண்டு முறை இணை சேர்த்தும் பெட்டை சினை பிடிக்கவில்லை. சூட்டில் கிடாவுக்கு வித்து செத்துவிடும், கோடையில் சேர்ப்பதே வீண் என்று போனில் கேட்டபோதுதான் அந்தப் பெண் சொன்னார். கிடாவின் கூண்டுக்குத்தான் பெட்டையைக் கொண்டுபோக வேண்டும், மாற்றிச் செய்தால் பெட்டை கடித்துக் குதறிவிடும் என்பதையும் என் கிடாவின் காது கிழிந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

மழை தொடங்கிய பிறகு பெட்டை தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டது. மறுநாள் காலை அந்த மயிர்க் குவியல் தானாக அசைந்தது. ஐந்து குட்டிகள். நிறம் தெரிய நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஒரு மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்தேன். பத்து நாளில் மயிர் மூடியது. ஐந்தும் பழுப்பு. வயிறு வெளுப்பு, காதுக்குள்ளேயும் வெளுப்பு. பிச்சாட்டூர் ஏரிக்கரைப் புதரில் ஓடுகிற காட்டு முயல் மாதிரியே இருந்தன.

மனைவி தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். ஒரு குட்டியைத் தூக்கி அதன் முதுகில் ஊதினாள். மயிர் பிரிந்து, தோலை ஒட்டி ஒரு சாம்பல் வட்டம், அதன்மேல் செம்மஞ்சள், நுனியில் கறுப்பு என்று வளையம் வளையமாகத் தெரிந்தது. "ஒரே மயிருல மூணு கலரு. உங்க பட்டறையில யாருக்காவது இது வருமா?" என்றாள். எனக்கு ரசிக்கும் நிலை இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் மட்டும்தான் இருந்தது.

மறுநாளே சித்தூருக்குப் பஸ் ஏறினேன். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கத்தினேன்.

"நீ குடுத்த வெள்ளை ஏற்கெனவே எதுகூடவோ சேந்துக்கினு வந்துருக்குதும்மா! கறுப்புக்கும் வெள்ளைக்கும் காட்டு மொயலு எப்படிப் பொறக்கும்?"

அவர் கையிலிருந்த ஆதார் அட்டைக்கு நகல் எடுத்துக் கொடுத்து முடித்தார். பிறகு கேட்டார்: "எங்கிட்டருந்து கொண்டுபோய் எத்தனி மாசம் ஆச்சுண்ணா?"

"அஞ்சு மாசம்."

"மொயலு ஒரே மாசத்துல ஈனிடும்."

அந்த ஒரு வாக்கியத்தில் என் வழக்கு முடிந்துபோயிற்று. நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வெள்ளையின் அட்டை எங்கே என்று கேட்டார். அதே மடிப்போடு பர்ஸில்தான் இருந்தது. பிரித்தார். அப்பா கட்டத்தில் 'காட்டு நிறம்' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"வெள்ளைங்கறது கலரே இல்லண்ணா. உள்ள இருக்கற கலரை வெளிய வராம மூடிக்கினு இருக்குது. உள்ள கறுப்பு இருக்கலாம், காட்டுக் கலரு இருக்கலாம். வேற ஒண்ணுகூட சேத்தாத்தான் தெரியும்."

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். தொட்டியில் இரண்டு சாயம் கலந்துவிட்டால் கதை முடிந்தது. கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. இங்கே எதுவும் கலக்கவே இல்லை. ஒன்று வெளியே நிற்கிறது, ஒன்று உள்ளே ஒளிந்து அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறது. கத்தியதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தை விட ஆர்வம் பெரிதாக இருந்தது. நகரியில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறையாவது அவருக்குப் போன் செய்தேன். நீலம் வர வேண்டுமானால் அப்பனிடம் ஒன்று, ஆத்தாளிடம் ஒன்று என்று இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும் என்று விளக்கினார். என் கிடாவிடம் அது இருந்தால் அதன் பழுப்பு மகள்களில் பாதிக்கு இருக்கலாம். ஆனால் மகளை அப்பனோடு சேர்க்க வேண்டாம், பலமனேர் பக்கம் வேறு வம்சத்தில் ஒரு கிடா கேட்டு வைத்திருக்கிறேன், அது கிடைக்கும்வரை பொறுங்கள் என்றார். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் பொறுக்கவில்லை. மகள்களில் இரண்டுக்கு வயது முதிர்ந்ததும் கோடை கழியக் காத்திருந்து அப்பனோடு சேர்த்தேன். அவரிடம் சொல்லாமல்தான் செய்தேன்.

முதல் பெட்டை ஈன்றதில் பழுப்பும் கறுப்பும்தான் வந்தன. இரண்டாவது ஈன்ற ஆறு குட்டிகளில் மூன்று பழுப்பாகும் சாயல், இரண்டு பளபளவென்று கறுப்பு. ஆறாவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். மயிர் முளைக்காத தோல் சிலேட்டுப் பலகை மாதிரி இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒன்றரை வருசமா இதுக்கா அலைஞ்சிக்கினு இருந்தீங்க? ஈயப் பாத்திரம் மாதிரி கீது" என்றாள் மனைவி. ஆனால் மூன்று வாரத்தில் அது கண் திறந்து பெட்டிக்கு வெளியே தத்தி வந்தபோது அவளும் தறியை விட்டு எழுந்து வந்து வந்து பார்த்தாள். முன்பு செல்போனில் பார்த்த அதே மேக நிறம்.

படம் எடுத்து முயல் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றைக்கே திருப்பதியிலிருந்து போன் வந்தது. அலிபிரி பக்கம் செல்லப் பிராணிக் கடை வைத்திருக்கும் ஒருவர். நீலத்தையும் அதன் கறுப்புத் தங்கையையும் கடைக்கு எடுத்துக்கொள்கிறேன், பால் மறந்ததும் நேரில் வருகிறேன் என்றார்.

அவர் வருவதாகச் சொன்ன வாரத்தில் மனைவி கூப்பிட்டாள். "இன்னாங்க, இதுக்கு மோவாய் எப்பவும் ஈரமாவே கீது. கடலைக் கொடியைக் கவ்வுது, ஆனா துன்ன முடியல. பாருங்க."

உதட்டை விலக்கிப் பார்த்தேன். மேல் பல் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் இருந்தது. முயலின் பல் நிற்காமல் வளரும். ஒன்றோடொன்று உரசித் தேய்ந்தால்தான் வாய் மூடும். இந்தக் குட்டிக்கு உரசவே வழியில்லை. கீழ்ப் பல் இப்போதே வெளியே நீளத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு குட்டியாக எடுத்துப் பார்த்தேன். கறுப்பில் ஒன்றுக்கும் லேசாக அப்படியே இருந்தது.

கடைக்காரர் வந்தபோது சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர் குட்டியைக் கையில் ஏந்தி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மகிழ்ந்து நின்றார். சித்தூர் மாடியில் அந்தப் படத்தோடு நான் நின்ற மாதிரியே இருந்தது. அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது: "பல்லு பாருங்க. கோணல்."

பார்த்தார். தோளைக் குலுக்கினார். "பள்ளு எவரு சூஸ்தாரு அண்ணா? கலரே கதா சூசேதி." பல்லை யார் பார்க்கப் போகிறார்கள், நிறத்தைத்தானே பார்ப்பார்கள் என்கிறார். சொன்னதில் பொய் இல்லை. நானும் அப்படித்தானே வாங்கினேன். ஆனால் இதை அவர் கடையிலிருந்து வாங்கிக்கொண்டுபோகிறவர் ஒரு மாதத்தில் வாயெல்லாம் புண்ணான ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொடுப்பதில்லை என்று சொன்னேன். நல்ல விலை சொல்லிப் பார்த்துவிட்டு, "பைத்தியமண்ணா நீக்கு" என்று எனக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிட்டுப் போய்விட்டார். பெருமையாக ஒன்றும் இல்லை.

மறுபடி சித்தூருக்குப் போனேன். இந்த முறை கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, அவர் பேச்சைக் கேட்காமல் அப்பனையும் மகளையும் சேர்த்ததையும் வந்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செல்போனை எடுத்து அந்தப் பழைய நீல முயலின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோட குட்டிங்கள்ல ரெண்டுக்குப் பல்லு அப்படித்தாண்ணா இருந்துச்சு" என்றார் கடைசியில். "அதனாலதான் நீலத்தை நிறுத்திட்டேன். கறுப்புங்க நல்லா இருந்துச்சு, போவட்டும்னு வித்துட்டேன். கோணலும் நீலம் மாதிரிதான், ரெண்டு பக்கத்துலருந்தும் வந்தாத்தான் தெரியும்."

"அட்டையில எழுதலியேம்மா."

"எழுதினா யாருண்ணா வாங்குவாங்க? ஆனா எழுதியிருக்கணும். உங்ககிட்ட வாயாலயாவது சொல்லியிருக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒன்றும் தப்புச் செய்யாதவரிடம் அன்றைக்கு நாலு பேர் முன்னால் கத்தினேன். இன்றைக்குக் கத்த நியாயம் இருந்தும் கத்தத் தோன்றவில்லை. சொன்னதைக் கேட்காதவன் நான். முழுதும் சொல்லாதவர் அவர். குட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு அவர் மாடிக்குப் போய் அந்த வம்சத்து அட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். 'பல் கோணல்' என்று சிவப்பு மையில் ஒவ்வொன்றிலும் எழுதினார். நான் வாசிக்க, அவர் எழுத, சாயந்திரம் ஆகிவிட்டது. அந்தக் கறுப்புகளை வாங்கிப்போனவர்களுக்கு அடுத்த வாரம் முழுக்கப் போன் செய்தார். சிலர் வைதார்கள். ஒருவர் மட்டும், இவ்வளவு நாள் தீவனத்தில் குறை என்று நினைத்திருந்தேன் என்று நன்றி சொன்னாராம்.

நீலக் குட்டியைத் திருப்பதியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். வீட்டில் நகவெட்டியால் வெட்டினால் பல் பிளந்துவிடும், முன்பல்லை எடுத்துவிடுவதே நல்லது என்றார். எடுத்தார்கள். இப்போது கீரையையும் கேரட்டையும் என் மனைவி பொடிப்பொடியாக நறுக்கி வைக்கிறாள். உதட்டால் அள்ளித் தின்று கொழுத்திருக்கிறது. அதை இணை சேர்க்கவில்லை. கறுப்புக் கிடாவையும் நிறுத்திவிட்டேன்.

பலமனேர் வம்சத்திலிருந்து வந்த, உடன்பிறப்பு அல்லாத ஒரு ஜோடியை வைத்துப் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். இரண்டும் வெறும் பழுப்பு. புத்தூரிலிருந்தும் ரேணிகுண்டாவிலிருந்தும் புதிதாக வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் சிலர் வந்து கேட்கிறார்கள். எல்லோருக்கும் நிறம்தான் முதல் கேள்வி. முதலில் உதட்டை விலக்கிப் பாருங்கள், அப்புறம் கால், காது, எடை, ஆத்தாள் குட்டிகளை நன்றாகப் பார்த்துக்கொண்டாளா என்பது, நிறம் கடைசி என்கிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி கூண்டுக்குள் நிறத்தையே பார்க்கிறார்கள். எப்படிக் கோபப்பட முடியும்?

போன மாதம் பழுப்பு ஜோடி ஏழு குட்டி போட்டது. ஏழுக்கும் பல் நேராக இருக்கிறது. அதில் ஒன்று மட்டும் பழுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, காய்ந்த புளியங்கொட்டை மாதிரி ஒரு சாயலில் இருக்கிறது. படம் அனுப்பினேன். சித்தூர்க்காரம்மா வயிற்றைக் காட்டச் சொன்னார், காதைத் திருப்பச் சொன்னார், முதுகில் ஊதச் சொன்னார். கடைசியில், "எனக்கும் தெரியலண்ணா" என்றார். அந்த ஜோடியின் தாத்தா பாட்டி யார் என்று விசாரிக்க இருவரும் ஞாயிற்றுக்கிழமை பலமனேர் போவதாக இருக்கிறோம்.