என் மூத்திரம், அக்கா பேர்

மூன்று வருடமாக அக்காவுக்குப் பதிலாக நான்தான் மூத்திரம் கொடுத்துவந்தேன். எழுதவே கூசுகிறது. அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல். ரிப்போர்ட்டில் கோளாறு என்று வந்தவர்களை மறுநாளே கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அதனால் நல்ல மூத்திரம் வீட்டிலிருந்து பையில் வரும். இந்தக் கேடுகெட்ட பழக்கத்துக்கு அங்கே யாரும் முகம்கூடச் சுளிப்பதில்லை.

என்னுடையதை டானிக் பாட்டிலில் பிடித்து, சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறுவாள். அங்கே கழிப்பறையில் மாற்றி ஊற்றிக் கொடுத்துவிடுவாள். அவளுடையதோ துணி சோப்பு கரைத்ததுபோல நுரைக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கக்கூஸில் நுரை அடங்காது. த்தூ, அதைப் பார்த்துக்கொண்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, நானெல்லாம் ஒரு தங்கச்சி.

போன ஆடியில் அவள் முகம் வீங்கிவிட்டது. காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கிருமி வந்தால் அதோடு சண்டைபோடும் அணுக்களைக் கூப்பிட உடம்பில் சில புரதங்கள் உண்டாம், சைட்டோகைன் என்று பெயர். அக்கா உடம்பில் அவை கிருமியே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன; வந்த கூட்டம் சிறுநீரகத்தின் வடிகட்டியைப் புண்ணாக்குகிறது. பிறகு, பழைய ரிப்போர்ட் கேட்டதால் நாங்கள் கொண்டுபோயிருந்த கம்பெனி ரிப்போர்ட்டைப் புரட்டினார். சதையில் பழைய தழும்பு தெரிகிறது, போன வருட ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறதே, அதெப்படி என்று கேட்டார்.

அக்கா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"அது என்னுது மேடம்," என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தழும்பான இடம் இனி திரும்பாது, முதல் வருடமே வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். மிச்சமாவது நிற்க வேண்டுமென்றால் அந்தப் புரதங்களை அடக்கும் மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தோள் என்மேல் படுவதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. கவரைப்பேட்டை தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"செவ்வாக்கெயமை மெடிக்கல் இருக்குதுடி. வேலை போச்சுன்னா இன்சூரன்ஸ் அட்டையும் பூடும். அப்பறம் மாத்திரைக்கு இன்னா பண்றது? இந்த ஒரு தபா குடு."

அசிங்கம் பிடித்தவளே என்று வாய்வரை வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் எழுந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தேன்.